கடவுச்சொல்லில் நிற்கும் லாரிகள்

ஆடலூர், பன்றிமலை என்னும் மலையூர்களின் காப்பியும் வாழையும் இறங்கிவந்து சேர்கின்ற கன்னிவாடியும், தக்காளியும் முருங்கையும் பகலில் குவிந்து இரவோடு இரவாகக் கேரளத்துக்குப் புறப்படுகின்ற ஒட்டன்சத்திரமும், பஞ்சை நூலாக்கித் திருப்பூருக்கும் பிவண்டிக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் அனுப்புகின்ற வேடசந்தூர் ஆலைகளும் ஒரே திண்டுக்கல் ஜில்லாவுக்குள் அடங்கியவை. ஆயினும் இவற்றிலிருந்து கிளம்பும் லாரிகளுக்குள் வெளிப்பார்வைக்குப் புலப்படாத ஒரு பேதம் உண்டு. பசுங்காய்கறிக்கு வரி இல்லையாதலால் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரி எந்த மின்னணு அனுமதியையும் எதிர்பாராமல் எல்லை கடந்து போய்விடும். நூல் லாரி அப்படிப் போக முடியாது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமானால், 2018 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இ-வே பில் என்னும் மின்னணு அனுமதி இன்றியமையாதது. தமிழ்நாட்டுக்குள்ளேயே போவதாயினும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் அதே நியதிதான். டீசல் நிரம்பிய வண்டியும், சாவியைக் கையில் வைத்திருக்கும் டிரைவரும், தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டிய லோடும் ஆயத்தமாக இருக்க, டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலோ ஆலையின் டெஸ்பாட்ச் அறையிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா கணினியில் ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு, பன்னிரண்டு இலக்க எண் ஒன்றைப் பெற்றாலொழிய அந்த லாரி கேட்டைத் தாண்டாது.

இந்த ஏற்பாட்டைக் குறைகூறுவது என் நோக்கமன்று. முன்னிருந்த சோதனைச் சாவடிகளில் லாரிகள் இரவு முழுவதும் வரிசையில் நின்றதையும், அங்கே கைமாறியது முத்திரைக் காகிதம் மட்டுமல்ல என்பதையும் அறிந்தவர் எவரும் பழைய முறை திரும்பி வரவேண்டும் என்று பிரார்த்திக்கமாட்டார். ஆனால் ஒரு தேசத்தின் சரக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அனுமதியை நம்பி நகரத் தொடங்கியபின், அந்த அனுமதியைத் தருகின்ற சாதனம் ஒருநாள் நின்றுபோனால், அல்லது தீயவர் கையில் சிக்கினால், என்ன செய்வது என்ற கேள்விக்கு நம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவேண்டுமல்லவா? அந்த விடை நம்மிடம் இல்லை என்பதே என் கட்சி.

அப்படிப்பட்ட ஒருநாள் ஏற்கெனவே நம் நாட்டில் வந்துபோயிற்று. 2017 ஜூன் 27 அன்று, மும்பைக்கு எதிர்க்கரையிலுள்ள நவ சேவாவில், ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் மிகப் பெரிய கண்டெய்னர் முனையங்களுள் ஒன்றான கேட்வே டெர்மினல்ஸ் இந்தியாவின் கணினிகள் ஒரேயடியாக அவிந்துபோயின. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு உரியது, எந்த அடுக்கில் எத்தனையாவதாக இருக்கிறது, எந்த லாரி எதை ஏற்ற வந்திருக்கிறது என்ற விவரங்கள் அனைத்தும் அந்தக் கணினிகளின் நினைவில் மட்டுமே இருந்தமையால், கிரேன்களில் பழுதில்லாதிருந்தும், ஆட்களுக்குக் குறைவில்லாதிருந்தும், முனையம் ஸ்தம்பித்தது. வாசலில் கண்டெய்னர் லாரிகள் தேங்கின. அவற்றை நிறுத்தத் துறைமுக நிர்வாகம் தனி இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. கப்பல்களுக்கு வேறு முனையங்களில் இடம் தேடப்பட்டது. சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வருவதற்கு நான்கே நாட்களுக்கு முன் இது நடந்தது. வரி மாற்றத்தின் ஆரவாரத்தில் தேசத்தின் கவனம் மூழ்கியிருந்ததால், காகிதத்திலிருந்து கணினிக்கு நாம் முழுமையாகக் குடிபெயரவிருந்த அந்த வாரத்திலேயே கணினி இன்றேல் என்னவாகும் என்று காட்டிய நிகழ்ச்சியை ஊன்றிக் கவனித்தவர் சிலரே.

நவ சேவாவின்மீது யாருக்கும் விரோதம் இருந்ததில்லை. இந்த விவகாரத்தில் மிகவும் சிந்திக்கத்தக்க அம்சம் அதுதான். நாட்பெட்யா என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நச்சு நிரல், உக்ரைன் தேசத்தைக் குறிவைத்து ஏவப்பட்டது. ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று பிரிட்டனும் அமெரிக்காவும் 2018 பிப்ரவரியில் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டின. அது புகுந்த வழியோ, கள்ளத்தனமான கடிதமோ களவாடிய சாவியோ அல்ல. உக்ரைனில் வரிக் கணக்கு சமர்ப்பிக்க வேண்டியவர்களிற் பெரும்பாலோர் தங்கள் கணினியில் வைத்திருந்த எம்.ஈ.டாக் என்னும் கணக்கு மென்பொருளின் வழக்கமான புதுப்பிப்பு ஒன்றுக்குள் அந்த நஞ்சைப் பொதிந்து வைத்திருந்தார்கள். சட்டத்துக்கு அடங்கி வரி கட்டியவர்களே முதலில் அகப்பட்டார்கள். டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனிக்கு உக்ரைனிலும் அலுவலகம் உண்டு. அங்கிருந்து உள்வலைப்பின்னலின் வழியே பரவிய நஞ்சு, சில மணி நேரத்துக்குள் அந்தக் கம்பெனியின் துறைமுக முனையங்களை உலகெங்கும் தாக்கியது. நவ சேவா முனையம் மெர்ஸ்க் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு குற்றமில்லை.

மெர்ஸ்க் மீண்ட கதை தனியே எழுதத்தக்கது. உலகெங்கும் உள்ள அதன் கணினிகளில் யார் யார் நுழையலாம் என்பதைக் குறித்து வைத்திருக்கும் அடிப்படை ஆவணத்தின் பிரதிகள் பல தேசங்களில் இருந்தன. ஒன்று அழிந்தால் மற்றொன்று இருக்கும் என்பது ஏற்பாடு. ஒன்றோடொன்று ஓயாமல் இணைந்திருந்தமையால் எல்லாப் பிரதிகளும் ஒருசேர அழிந்தன. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும், தாக்குதலுக்குச் சற்று முன்னர் மின்சாரம் நின்றுபோயிருந்ததால், ஒரு பிரதி தப்பிப் பிழைத்தது. அதை இங்கிலாந்துக்கு அனுப்ப அங்கிருந்த இணைப்பின் வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசாவும் இல்லை. ஆகவே ஒருவர் அந்தப் பிரதி இருந்த தகட்டை எடுத்துக்கொண்டு விமானமேறி நைஜீரியாவுக்குப் போய், அங்கே மற்றொருவர் கையில் ஒப்படைக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுசேர்த்தார். மின்வெட்டை இத்தனை காலம் வைதுகொண்டிருந்த நம் ஜில்லாக்காரர்கள் இந்தக் கட்டத்தில் புன்னகை செய்தால் அதை மன்னிக்கலாம்.

நாலாயிரம் சர்வர்களையும் நாற்பத்தைந்தாயிரம் கணினிகளையும் பத்து நாட்களில் மறுபடி நிறுவியதாக அந்தக் கம்பெனியின் தலைவர் ஜிம் ஹாகெமான் ஸ்னாபெ 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை என்று கணக்கிடப்பட்டது. இந்த எண்களை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிக முக்கியமாகப் படுகிறது. கணினி எதுவும் இல்லாதிருந்த அந்தப் பத்து நாட்களில் சரக்கின் அளவு இருபது சதவீதமே குறைந்தது என்றும், எஞ்சிய எண்பது சதவீதத்தை ஊழியர்கள் கையாலேயே நடத்திக் கொடுத்தார்கள் என்றும் அவர் தெரிவித்தார். கையால் வேலை செய்யத் தெரிந்தவர்கள் அன்று அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஓய்வு பெற்றுப் போய், திரையை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அவ்விடத்துக்கு வந்தபின் அதே தாக்குதல் மறுபடி வந்தால் அந்த எண்பது என்னவாகும் என்பதை யாரும் கணக்கிடவில்லை.

மறுபடி வராமலும் இல்லை. 2022 பிப்ரவரியில் அதே நவ சேவாவில், இம்முறை துறைமுகத்தின் சொந்த நிர்வாகத்திலிருந்த முனையத்தின் கணினிகள் பணயத் தொகை கேட்கும் நச்சு நிரலுக்கு இரையாயின; கப்பல்கள் பக்கத்து முனையங்களுக்குத் திருப்பப்பட்டன. 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகம் இரண்டு நாட்களுக்கு மேல் பெட்டிகளை ஏற்றவும் இறக்கவும் முடியாமல் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கண்டெய்னர் வாணிபத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கையாளும் டி.பி. வேர்ல்ட் கம்பெனி, ஊடுருவலைக் கண்டதும் தானாகவே இணையத்தைத் துண்டித்துக்கொள்ள, ஏறத்தாழ முப்பதாயிரம் பெட்டிகள் வெளியேற வழியின்றித் தேங்கின.

துறைமுகங்களின் கதை நமக்கெதற்கு, கன்னிவாடியில் நாலு லாரியும் ஒரு தகரக் கொட்டகையும் வைத்திருப்பவனை எந்த ரஷ்யன் தேடி வரப்போகிறான் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயரில் உள்ள ஓல்ட் என்னும் கிராமத்தின் கதையைச் சொல்லவேண்டும். 1865-இல் ஒரு குதிரையும் ஒரு வண்டியுமாக அங்கே தொடங்கிய ‘நைட்ஸ் ஆஃப் ஓல்ட்’ என்ற சரக்கு வண்டி ஸ்தாபனம், இரண்டு உலக மகா யுத்தங்களையும் தாண்டி வளர்ந்து, ஐந்நூறு லாரிகளோடு கே.என்.பி. குழுமமாகத் திகழ்ந்தது. 2023 ஜூனில் ஒரு திருட்டுக் கும்பல் அதன் கணினிகளுக்குள் புகுந்து கணக்குகள் யாவற்றையும் பூட்டிவிட்டுப் பணயம் கேட்டது. ஊழியர் ஒருவரின் எளிதான கடவுச்சொல்லை யூகித்து உள்ளே வந்திருக்கக்கூடும் என்று பிற்பாடு சொல்லப்பட்டது. இன்ஷூரன்ஸ் இருந்தது; லாரிகள் ஓடிக்கொண்டுமிருந்தன. ஆனால் தன் வரவு செலவு நிலை இதுதான் என்று கடன் கொடுத்தவர்களுக்குக் காட்டக் கணக்கு இல்லாதுபோயிற்று. மூன்று மாதத்தில், நூற்றைம்பத்தெட்டு வயதான அந்த ஸ்தாபனம் திவாலாகி, எழுநூறு பேருக்கு மேல் வேலை இழந்தனர்.

திண்டுக்கல் பக்கத்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களின் நடைமுறையை அறிந்தவர்கள் இனி வருவதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள். இ-வே பில் தளத்தின் கடவுச்சொல் பெரும்பாலும் முதலாளியின் பெயரும் லாரியின் பதிவு எண்ணும் சேர்ந்த ஒரு கலவையாக இருக்கும்; அது மேஜைக் கண்ணாடிக்கு அடியிலோ, சுவரில் மாட்டிய நாட்காட்டியின் ஓரத்திலோ எழுதப்பட்டிருக்கும்; குமாஸ்தா வேலையை விட்டுப் போனாலும் கடவுச்சொல் போகாது. வரிக் கணக்கு தாக்கல் செய்யும் பொறுப்பு ஆடிட்டர் ஆபீஸிடம் இருக்கும். அந்த ஆபீஸிலோ இவரைப்போன்ற அநேக கட்சிக்காரர்களின் பெயரும் கடவுச்சொல்லும் ஒரே நோட்டுப் புத்தகத்தில், அல்லது ஒரே கணினிக் கோப்பில், வரிசையாக இருக்கும். உக்ரைனில் நஞ்சு வந்த வழியும் வரிக் கணக்கின் வழியே என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். ஒவ்வொரு சிறு வியாபாரியும் சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் நம்பி ஒப்படைக்கின்ற அந்த ஒரு மேஜைக்குள் புகுந்தவன், ஒரு தாலுகாவின் சரக்குப் போக்குவரத்தையே கையில் பிடித்தவன் ஆகிறான்.

லாரிக்காரர்களைத் தனியே குறிவைக்கும் உபாயமும் இப்போது பெருகியிருக்கிறது. போக்குவரத்து விதியை மீறியதாக அபராதச் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். அதில் வண்டியின் பதிவு எண்கூடச் சரியாக இருக்கலாம். சலானைப் பார்க்க ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லும். நெடுஞ்சாலையில் நிஜமான சலான்கள் மழைபோல் பொழிகின்ற காலத்தில், எந்த லாரி உரிமையாளர் சந்தேகப்படுவார்? செயலி உள்ளே புகுந்ததும் போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்கள் யாவும் திருடனுக்கும் சேர்ந்தே வரத் தொடங்கும். இரட்டைச் சரிபார்ப்பு என்ற பெயரில் அரசு அந்த ஓ.டி.பி.யின்மீதே பாதுகாப்பைக் கட்டியிருக்கிறது என்பதை எண்ணும்போதுதான் அபாயத்தின் ஆழம் தெரியும். இ-வே பில் தளத்தில் நுழைய 2025 ஏப்ரல் முதல் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் இந்த இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. நல்ல காரியம்தான். ஆனால் ஓ.டி.பி. வரும் போன் ஆடிட்டர் ஆபீஸில் இருக்க, இரவு பதினொரு மணிக்கு லோடு ஏற்றி நிற்கும் டிரைவர் அந்த எண்ணுக்காகக் காத்துக்கிடக்கும் நிலையில், அவசரத்தின் பொருட்டு ஒரே போனை நாலு பேர் பகிர்ந்துகொள்வார்கள். அத்துடன் பாதுகாப்பின் பாதி போய்விடும். சட்டம் வகுப்பவர்கள் இரவு பதினொரு மணியை அறிந்திருக்க வேண்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். கணினித் தாக்குதல் எதுவாயினும் கண்ட ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய ஸ்தாபனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் தேதியிட்ட உத்தரவு சொல்கிறது. இ-வே பில்லுக்கு 2025 ஜூலையில் இரண்டாவது தளம் ஒன்று திறக்கப்பட்டது. ஒரு தளம் நின்றால் மற்றொன்றில் போகலாம். இவற்றின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆறு மணி நேர நியதி, அறிந்து அறிவிக்கத்தக்க அதிகாரிகளை நியமித்திருக்கும் பெரிய கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கன்னிவாடி லாரி உரிமையாளர் கணினி பூட்டிக்கொண்டதைக் கண்டால் முதலில் அழைப்பது கணினி பழுதுபார்க்கும் பையனை. அவன் செய்வது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது. அதோடு தடயமும் அழியும், அறிவிப்பும் இராது. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை அழைக்கலாம் என்பது இப்போது ஊரில் ஓரளவு தெரிந்திருக்கிறது. லாரியின் அனுமதியே பறிபோனால் யாரை அழைப்பது என்பது ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது தளமோ, முதல் தளத்தோடு ஓயாமல் ஒத்திசைந்து இயங்குவது. பளு மிகுந்து முதல் தளம் தடுமாறினால் அது கைகொடுக்கும். முதலாவதில் புகுந்த நஞ்சு அந்த இணைப்பின் வழியே இரண்டாவதற்கும் போகாதென்று, மெர்ஸ்க்கின் பிரதிகளுக்கு நேர்ந்ததை அறிந்த பிறகு, அத்தனை நிச்சயமாக இருக்க எனக்குத் துணிவில்லை.

எனவே என் யோசனை பழமையானதாகத் தோன்றினாலும் அதைச் சொல்லியாக வேண்டும்: காகிதத்தால் சரக்கு நகரும் வழி ஒன்றைச் சட்டத்திலேயே உயிரோடு வைத்திருக்க வேண்டும். இது நூதனமான கோரிக்கை அன்று. 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 46, 50-ஆம் பிரிவுகள், இறக்குமதி ஏற்றுமதிப் பத்திரங்களை மின்னணு முறையில்தான் தாக்கல் செய்யவேண்டும் என்று விதித்துவிட்டு, அது சாத்தியமில்லாதபோது வேறு முறையில் தாக்கல் செய்யச் சுங்க ஆணையர் அனுமதிக்கலாம் என்றும் இடம் வைத்திருக்கின்றன. துறைமுக வாசலில் இருக்கும் அந்த விவேகம் நெடுஞ்சாலையிலும் இருக்கலாகாதா? இ-வே பில் இன்றி ஓடிய லாரியைத் தடுத்து நிறுத்தி, செலுத்த வேண்டிய வரியைப்போல் இரு மடங்கு அபராதம் விதிக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆம் பிரிவு இடந்தருகிறது. தளம் செத்துக்கிடந்த நாளில் ஓடியவனுக்கும் ஏய்த்து ஓடியவனுக்கும் உள்ள வித்தியாசத்தை வழியில் நிறுத்தும் அதிகாரி எதைக்கொண்டு அறிவார்? 2018 பிப்ரவரி முதல் தேதி இ-வே பில் முதன்முதலாகக் கட்டாயமானபோது, யாரும் தாக்காமலே, பளு தாங்காமல் தளம் அன்றே சாய்ந்தது. அரசு அவசரமாகக் கட்டாயத்தைத் தள்ளிவைத்தது. திட்டம் பிறந்த முதல் நாளாதலால் தள்ளிவைக்க முடிந்தது. ஏழெட்டு ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு அப்படி நேர்ந்தால், தள்ளிவைக்கும் உத்தரவு டில்லியிலிருந்து புறப்பட்டு வேடசந்தூர் வந்து சேர்வதற்குள் எத்தனை ஷிப்டு நூல் கிடங்கில் குவியும் என்பதை ஆலைக்காரர்கள் சொல்வார்கள்.

காகிதம் திரும்பினால் வரி ஏய்ப்பும் கூடவே திரும்பும் என்பது இதற்கு எதிரான வாதம். அது பலமான வாதம்தான். ஒரே இன்வாய்ஸைக் காட்டி மூன்று லோடு ஓட்டிய சாமர்த்தியத்தை இந்தப் பிரதேசம் மறந்துவிடவில்லை. ஆகையால் காகித வழி எப்போதும் திறந்திருக்க வேண்டியதில்லை. தளம் நின்றது என்று அதிகாரபூர்வமாக அறிவித்த மணியிலிருந்து அது திறக்கட்டும். வரிசை எண்ணிட்ட ரசீதுப் புத்தகங்கள் முன்கூட்டியே ஒவ்வொரு பதிவு பெற்ற டிரான்ஸ்போர்ட்டருக்கும் வழங்கப்பட்டிருக்கட்டும். தளம் மீண்டபின் இத்தனை நாளுக்குள் அவற்றைக் கணினியில் ஏற்றவேண்டும், ஏற்றாத ரசீதுக்கு முழு அபராதம் என்று இருக்கட்டும். இதனால் சில நாட்களில் சிறிது வரி கசியலாம். கசிவதை அஞ்சி, அவசர வழியே வேண்டாம் என்பது மிகையான அச்சம்.

வழி மட்டும் இருந்தால் போதாது. அதில் நடந்து பழகியவர்கள் வேண்டும். எல்.ஆர். என்று வழங்கும் லாரி ரசீதைக் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதியாக எழுதி, லெட்ஜரில் பதிந்து, டிரிப் கணக்கை மனத்திலேயே கூட்டும் ஆற்றல் வாய்ந்த குமாஸ்தாக்கள் திண்டுக்கல்லில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து இருக்கமாட்டார்கள். வருஷத்துக்கு ஒருநாள், முன்னறிவித்து, தூத்துக்குடித் துறைமுகத்தின் ஒரு வாசலிலும் வேடசந்தூரின் சில ஆலைகளிலும் கணினியை அணைத்துவிட்டுக் காகிதத்தால் வேலை நடத்திப் பார்க்கலாம். எங்கே இடறுகிறோம் என்பது அன்று தெரியும். தாக்குதல் வந்த நாளில் தெரிந்துகொள்வதைவிட அது மலிவு. லாரி உரிமையாளர் சங்கங்களும் ஆலை முதலாளிகளும் இதற்கு அரசை எதிர்பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வாரம் ஒருமுறை கணக்குகளை ஒரு தகட்டில் பிரதி செய்து, அதை இணைப்பிலிருந்து கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க நாலைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. நூற்றைம்பத்தெட்டு வருஷத்து ஸ்தாபனத்துக்கு அப்படி ஒரு பெட்டி மிஞ்சியிருந்தால் அதன் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

எஞ்சியிருப்பது பணத்தைப் பற்றிய ஒரு கேள்வி. இதைப் பெரியவர்கள் பேசுவதில்லை. தாக்குதலால் துறைமுகமோ தளமோ நின்று, லாரி நாலு நாள் வாசலில் கிடந்தால், அந்த நாலு நாள் ஹால்டிங் யார் கணக்கில்? டிரைவர் பேட்டா ஓடிக்கொண்டிருக்கும். பைனான்ஸ் தவணை ஓடிக்கொண்டிருக்கும். கண்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதித்ததற்காகக் கப்பல் கம்பெனியின் தண்டக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். துறைமுகம் இதைத் தெய்வச் செயல் என்று சொல்லும். ஆலை, சரக்கை ஒப்படைத்ததோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்று சொல்லும். ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லாதபோது நஷ்டம் தானாகவே கீழே இறங்கி, பேரம் பேசும் வலுவற்ற லாரிக்காரன் தலையில் வந்து அமரும். தன் கணினியைக் காக்கத் தவறியவன் தாமதத்துக்கும் விலை கொடுக்க வேண்டும் என்ற ஷரத்து வாடகை ஒப்பந்தங்களிலும் துறைமுகக் கட்டண விதிகளிலும் எழுதப்பட்டால், எந்த உத்தரவும் உண்டாக்காத ஜாக்கிரதையை அது உண்டாக்கும். அடுத்த வாடகை விகிதத்தைப் பேச ஆலைகளோடு உட்காரும்போது, டீசல் விலையோடு இந்த ஷரத்தையும் திண்டுக்கல் லாரி உரிமையாளர்கள் மேஜைமேல் வைக்கலாம்.